விசுவாசத்துக்கு விலை வைத்தது யார்?

ஓரியூர் மண் சிவந்திருப்பது அருளானந்தரின் ரத்தத்தால் என்பது மக்கள் நம்பிக்கை. 1693 பிப்ரவரி 4 அன்று, கிழவன் சேதுபதியின் ஆட்சியில், போர்ச்சுக்கல் நாட்டு இயேசு சபைத் துறவி ஜான் டி பிரிட்டோ அங்கே தலை வெட்டிக் கொல்லப்பட்டார். 1947இல் ரோம் அவரைப் புனிதராக அறிவித்தது. இராமநாதபுரச் சீமையில் கிறித்தவத் தியாகம் என்றதும் முதலில் சொல்லப்படுவது இந்தக் கதைதான்.

அந்தக் கதைக்குள் இன்னொரு கதையும் உண்டு. தடியத்தேவர் ஞானஸ்நானம் பெறுவதற்காக ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் சேதுபதியின் உறவுப்பெண் கடலாயி. அவருடைய முறையீடே பிரிட்டோவின் கைதுக்கு வழிவகுத்தது. பிரிட்டோ புனிதரானார், கடலாயி பழிகாரியானார். ஓர் ஆணின் மனமாற்றத்துக்காக அந்தப் பெண்கள் இழந்ததை யாரும் தியாகம் என்று எழுதவில்லை. யாருடைய இழப்பைத் தியாகம் என்று போற்றுவது, யாருடையதைக் கணக்கிலேயே எடுக்காமல் விடுவது என்பதை அதிகாரம்தான் தீர்மானிக்கிறது.

இன்று அப்படிக் கணக்கில் வராமல் இருப்பது தலித் கிறித்தவர்களின் இழப்பு. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியினர் ஆக முடியாது என்றது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அந்தக் கதவு திறந்தது. கிறித்தவருக்கும் இசுலாமியருக்கும் இன்றுவரை திறக்கவில்லை. தமிழ்நாட்டில் கிறித்தவரான பட்டியல் சாதியினர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குத் தள்ளப்படுகிறார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு போகிறது. இதே மாவட்டத்தின் தனித்தொகுதியான பரமக்குடியில் போட்டியிடும் உரிமையும் போகிறது.

எல்லாக் கிறித்தவரும் இந்த விலையைக் கொடுப்பதில்லை. மிகப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் மீனவர் என்ற பதிவிலேயே 'கிறித்தவத்துக்கு மாறியவர்கள் உட்பட' என்று இருக்கிறது. அது நியாயமானதும்கூட. பழங்குடியினருக்கும் மதம் தடையில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரே கடவுளைக் கும்பிடுகிறவர்களில் பட்டியல் சாதிச் சான்றிதழைப் பறிகொடுப்பவர் தலித்.

மதம் மாறினால் சாதி ஒழிந்துவிடும் என்று அரசு உண்மையிலேயே நம்புகிறதா? தாய்மதம் திரும்பியவரைச் சொந்தச் சாதியினர் ஏற்றுக்கொண்டால் பட்டியல் சாதித் தகுதி மீண்டும் கிடைக்கும் என்று 2015இல் கே.பி. மனு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒழிந்துபோன சாதி எப்படித் திரும்பி வரும்? போனால் தண்டனை, திரும்பினால் பரிசு. இதற்குப் பெயர் மதச் சுதந்திரமா?

ஆகவேதான் பல வீடுகளில் ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் இன்னொரு பெயர். இதைப் பிரசங்க மேடை விசுவாசக் குறைவு என்று கண்டிக்கிறது. நீதிமன்றமோ மோசடி என்கிறது. புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. பிள்ளையின் படிப்புக்கும் பிதாவின் பெயருக்கும் நடுவில் ஒரு தாயை நிறுத்தியது யார் என்று இருவருமே கேட்கவில்லை.

திருச்சபைக்கும் இதில் பங்குண்டு. திருச்சி மேலப்புதூர்க் கல்லறையைப் பிரித்து நின்ற சுவரும், 2008இல் எறையூரில் தலித் கிறித்தவர்கள் தனிப் பங்கு கேட்டுப் போராட நேர்ந்ததும் அதற்குச் சாட்சி. 'சிலுவையைச் சுமந்துகொள்' என்று தலித்துக்கு உபதேசிக்கும் சபை, சாதியை இறக்கிவை என்று மற்றவர்களிடம் அதே குரலில் சொல்லியிருக்க வேண்டும்.

விரும்பிக் கொடுப்பதுதான் தியாகம். பிறந்த சாதியைப் பார்த்துப் பறிப்பது தண்டனை. பட்டியல் சாதித் தகுதியை மதத்திலிருந்து பிரிக்கச் சொன்னது ரங்கநாத் மிஸ்ரா ஆணையம். அந்த அறிக்கை 2007இல் வந்தது. தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரலில் தீர்மானம் நிறைவேற்றியது. 2022இல் ஒன்றிய அரசு அமைத்தது இன்னொரு ஆணையம்.

ஆணையங்கள் போதும். மூன்றாம் பத்தியை நீக்குங்கள். அதன் பிறகு தன் கடவுளுக்காக எதை விடுவது என்பதைத் தலித் கிறித்தவரே முடிவு செய்துகொள்வார்.