குர்ஸ்க் நீர்மூழ்கியும் வறட்டு கௌரவமும்

போர்க்கப்பல் என்று பேச்சு வந்தாலே நீளம் எவ்வளவு, வேகம் எவ்வளவு, எத்தனை ஏவுகணை என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். உள்ளே எத்தனை பேர், கப்பல் மூழ்கினால் அவர்களை யார் மேலே கொண்டுவருவது என்று கேட்பவர்கள் குறைவு. ஆனால் ஒரு கடற்படையின் தரம் இந்தக் கேள்விக்கு அது வைத்திருக்கும் பதிலில்தான் தெரியும். ரஷ்யாவின் குர்ஸ்க் அதற்குச் சாட்சி.

1994ல் கட்டி முடிக்கப்பட்ட குர்ஸ்க் சாதாரணக் கப்பல் அல்ல. 154 மீட்டர் நீளம், இரண்டு அணு உலைகள், 24 ஏவுகணைகள். அமெரிக்காவின் விமானந்தாங்கிக் கப்பல்களை வேட்டையாடுவதற்கென்றே வடிவமைக்கப்பட்ட வகையைச் சேர்ந்தது. 2000 ஆகஸ்ட் 12, சனிக்கிழமை. பேரண்ட்ஸ் கடலில் போர்ப்பயிற்சி நடந்துகொண்டிருந்தது. பயிற்சி டார்பிடோ ஒன்றிலிருந்த ஹைட்ரஜன் பெராக்சைடு கசிந்து வெடித்தது. இரண்டு நிமிடம் கழித்து, முன்பகுதியிலிருந்த மற்ற டார்பிடோக்களும் சேர்ந்து வெடித்தன. அந்த அதிர்வு நார்வேயின் நில அதிர்வு மானிகளில்கூடப் பதிவானது!

கப்பல் தரைதட்டிய இடத்தில் கடலின் ஆழம் வெறும் 108 மீட்டர். அதாவது குர்ஸ்க்கைச் செங்குத்தாக நிறுத்தியிருந்தால் 40 மீட்டருக்கு மேல் தண்ணீருக்கு வெளியே தெரிந்திருக்கும். அவ்வளவு அருகில்தான் 118 பேரும் இருந்தார்கள்.

பெரும்பாலோர் வெடிப்பிலேயே இறந்துவிட்டார்கள். 23 பேர் மட்டும் பின்கோடியிலுள்ள ஒன்பதாவது அறைக்குள் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவரான அதிகாரி திமித்ரி கோலெஸ்னிகோவ், இருட்டில் கையால் தடவியபடியே அந்த 23 பேரின் பெயர்களையும் ஒரு தாளில் எழுதி வைத்தார். பின்னாளில் அவர் உடலோடு அந்தத் தாளும் கிடைத்தது.

சரி, மேலே என்ன நடந்தது?

விபத்து நடந்ததையே ஆகஸ்ட் 14 அன்றுதான் ரஷ்யக் கடற்படை வெளியில் சொன்னது. அதிலும் விபத்து 13ஆம் தேதி நடந்ததாகச் சொன்னது. பிரிட்டனும் நார்வேயும் உதவ முன்வந்தன. "எங்களிடமே எல்லாம் இருக்கிறது" என்ற தோரணையில் நாட்கள் ஓடின. ரஷ்யாவின் சிறு மீட்புக் கலங்கள் திரும்பத் திரும்ப முயன்றும் கப்பலின் மீட்பு வாயிலில் பொருந்த முடியவில்லை. 16ஆம் தேதிதான் வெளிநாட்டு உதவிக்குச் சம்மதம் கிடைத்தது. நார்வே முக்குளிப்போர் வந்து வேலையைத் தொடங்கிய மறுநாளே, ஆகஸ்ட் 21 அன்று, அந்த வாயிலைத் திறந்துவிட்டார்கள். உள்ளே தண்ணீர்தான் நிரம்பியிருந்தது.

"அந்த 23 பேரும் சில மணி நேரத்திலேயே இறந்துவிட்டார்கள். உடனே அழைத்திருந்தாலும் பயனில்லை" என்று சமாதானம் சொல்பவர்கள் உண்டு. சுமார் எட்டு மணி நேரத்துக்குள் இறந்திருப்பார்கள் என்பதுதான் அரசு விசாரணையின் முடிவும். அது உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் உதவியைத் தள்ளிப்போட்ட அந்த நாட்களில் இது யாருக்கும் தெரியாதே! உள்ளே உயிரோடு ஆட்கள் இருக்கலாம் என்று நம்பிக்கொண்டேதான் அவர்கள் தாமதித்தார்கள். தப்பு அங்கேதான் இருக்கிறது.

இன்னொரு தப்பும் உண்டு. 1955ல் போர்ட்லேண்ட் துறைமுகத்தில் நின்ற பிரிட்டனின் சிடன் நீர்மூழ்கியில் இதே ரசாயனம் கொண்ட டார்பிடோ வெடித்து 13 பேர் இறந்தார்கள். பிரிட்டன் அந்த வகை டார்பிடோவையே கைவிட்டது. 45 வருடம் கழித்தும் அது குர்ஸ்க்கில் இருந்தது. அடுத்தவன் வீடு எரிந்ததைப் பார்த்தும் பாடம் படிக்காவிட்டால் என்ன செய்வது?

அமெரிக்கா மட்டும் யோக்கியமா என்று கேட்கலாம். 1939ல் ஸ்குவாலஸ் மூழ்கியபோது மணி வடிவ மீட்புக் கூண்டை இறக்கி 33 பேரை உயிரோடு மேலே கொண்டுவந்தார்கள். 1963ல் திரெஷர் மூழ்கி 129 பேர் இறந்ததும் 'சப்சேஃப்' என்ற கடுமையான பாதுகாப்புத் திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். ஆனால் அந்தச் சோதனைகள் முழுதாக முடியாமலே கடலுக்குப் போன ஸ்கார்ப்பியன் 1968ல் 99 பேரோடு மூழ்கியது. சப்சேஃப் சான்றிதழ் பெற்ற எந்தக் கப்பலும் இதுவரை அப்படிப் போனதில்லை. திட்டம் போட்டால் போதாது, ஒழுங்காகக் கடைப்பிடிக்கவும் வேண்டும் என்பதே இதன் அர்த்தம்.

ரஷ்யாவும் பாடம் படித்தது. 2005 ஆகஸ்டில் கம்சாத்கா அருகே ஏ.எஸ்.-28 என்ற சிறு நீர்மூழ்கி, கடலடிக் கம்பிகளிலும் வலைகளிலும் சிக்கிக்கொண்டது. உள்ளே ஏழு பேர். இந்த முறை வெளிநாடுகளிடம் சீக்கிரமே உதவி கேட்டார்கள். பிரிட்டனின் ஸ்கார்ப்பியோ இயந்திரம் விமானத்தில் வந்து சிக்கலை வெட்டிவிட்டது. ஏழு பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். கேட்டதால் ரஷ்யாவின் கௌரவம் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

இந்தியாவும் 2018ல்தான் ஆழ்கடல் மீட்பு வாகனத்தைக் கடற்படையில் சேர்த்தது. 2021 ஏப்ரலில் பாலி அருகே இந்தோனேஷியாவின் நங்காலா காணாமல் போனபோது, விசாகப்பட்டினத்திலிருந்து அது உதவிக்குப் புறப்பட்டது. ஆனால் நங்காலா 800 மீட்டருக்கும் அதிக ஆழத்தில் உடைந்து கிடந்தது. 53 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. எல்லாச் சமயத்திலும் காப்பாற்ற முடியாதுதான். ஆனாலும் அங்கே யாரும் கௌரவம் பார்த்து நேரத்தை வீணாக்கவில்லை.

அடுத்த முறை ஏதாவது ஒரு நாடு புதிய நீர்மூழ்கியைக் கொடியசைத்துக் கடலில் இறக்கும்போது, ஏவுகணைகளை எண்ணுவதற்கு முன் இதைக் கேட்கலாம்: இது மூழ்கினால் உள்ளே இருப்பவர்களுக்காக யாரை அழைப்பார்கள்? எத்தனை மணி நேரத்தில் அழைப்பார்கள்?