முதுகைப் பார்த்தோம், மூக்கைப் பார்க்கவில்லை

படுக்கைப்புண் என்றால் செவிலியர்களாகிய நமக்கு முதுகுதான் நினைவுக்கு வரும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்கிறோம். வால் எலும்பையும் குதிகாலையும் தடவிப் பார்க்கிறோம். அதே நோயாளியின் மூக்குத்தண்டை பைபாப் மாஸ்க் இரவெல்லாம் அழுத்திக்கொண்டிருக்கும். அதைக் கழற்றிப் பார்க்க நமக்குத் தோன்றுவதில்லை.

காற்று கசிகிறதென்று வாரை இன்னும் இறுக்குகிறோம். சுவாசக் குழாய் நழுவிவிடுமோ என்று பயந்து உதட்டோரம் அழுந்தக் கட்டுகிறோம். ஆக்சிஜன் குழாய் காதுக்குப் பின்னால் அறுக்கிறது. பச்சிளங்குழந்தையின் பாதத்தில் மாட்டிய ஆக்சிமீட்டரை இடம் மாற்றாமலே ஷிப்ட் முடிந்துவிடுகிறது. இப்படிக் கருவி அழுத்துவதால் உண்டாகும் புண் பெரும்பாலும் அந்தந்தக் கருவியின் வடிவத்திலேயே வரும். மாட்டிய கை நம்முடையது. அதனாலேயே இது நம்மைக் கூடுதலாக உறுத்தியிருக்க வேண்டும், உறுத்தவில்லை.

படித்ததும் போதவில்லை. மூக்குத்தண்டில் தோலுக்கடியில் கொழுப்பு மிகக் குறைவு. புண் சீக்கிரமே ஆழமாகிவிடும். உடம்பில் நீர் கோத்தால் காலையில் சரியாக இருந்த வார் மாலையில் இறுகிவிடும். நம் மக்களின் கறுத்த தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. தொட்டுப் பார்த்துச் சூட்டையும் கடினத்தையும் உணர வேண்டும். நாமோ, சிவப்பைக் காணோம் என்றதும் "தோல் நன்றாக உள்ளது" என்று எழுதிவிடுகிறோம். 1987இல் வெளிவந்த பிரேடன் அளவுகோலின் ஆறு அம்சங்களில் மருத்துவக் கருவிக்கென்று ஒன்றுகூட இல்லை. ஆனாலும் அதில் மதிப்பெண் நன்றாக இருந்தால் ஆபத்தில்லை என்று இருந்துவிட்டோம். அமெரிக்காவின் தேசிய அழுத்தப்புண் ஆலோசனைக் குழு 2016இல் கருவியால் வரும் புண்ணுக்குத் தனி வரையறையே தந்தது. வாய், மூக்கின் உட்சவ்வில் வரும் புண்ணுக்கு நிலை எண் போடக் கூடாது என்றும் சொன்னது. நம்மில் எத்தனை பேர் அதைப் படித்தோம்?

ஆள் பற்றாக்குறை உண்மைதான். அதற்காகப் போராடவும் வேண்டும். ஆனால் வாயைத் துடைக்க மாஸ்க்கைக் கழற்றும் அந்த நேரத்திலேயே மூக்கையும் பார்த்துவிட முடியும். அதைச் செய்யாததற்கு ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்ட முடியாது.

தோழர்களே, இன்று ஓவர் எடுக்கும்போதே ஒவ்வொரு குழாய்க்கும் வாருக்கும் அடியில் பாருங்கள், தொடுங்கள். புண் வருவதற்கு முன்பே மெல்லிய ஃபோம் டிரெஸ்ஸிங் வையுங்கள்; அடுக்கடுக்காக வைத்தால் அதுவே அழுத்தும். கருவியை நகர்த்த முடியாவிட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள். கண்டதை மறைக்காமல் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள்.