பவளம் என்ன உங்க வீட்டு ஷோகேஸ் பொம்மையா?

ஒரகடம் கம்பெனி பஸ்ல இந்த வாரம் ஒரே பேச்சு: மன்னார் வளைகுடாவுல டைவ் அடிக்கணுமாம், ஞாபகார்த்தமா பவளம் ஒரு துண்டு ஒடிச்சிட்டு வரணுமாம். "காசு குடுக்கிறோம்ல"ன்னு நியாயம் வேற!

மக்களே, அது 1986-ல அறிவிச்ச தேசியப் பூங்கா. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவுல 21 தீவுகள். சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி வெட்டியே ரெண்டு தீவு கடலுக்குள்ள போயிடுச்சு. கல்லுன்னு நினைச்சுத்தான் வெட்டினாங்க. அது உசுருங்க. உங்க கால் துடுப்பு ஒரு தட்டு தட்டினா பல வருஷ வளர்ச்சி காலி. 2001-ல பவளத்தையும் புலி இருக்கிற அட்டவணையில சேர்த்தாங்க.

தலைமுறையா பாசி எடுத்த அந்தக் கரைப் பொம்பளைங்களையே தீவுப்பக்கம் வராதேன்னு தடுத்திருக்காங்க. வயித்துப்பாட்டுக்கு வந்தவங்களுக்கு இல்லாத சலுகை வீக்கெண்டு பார்ட்டிக்கு எதுக்கு? அனுமதிச்ச இடத்துல மட்டும், மிதக்கப் பழகிட்டு, கையைக் கட்டிக்கிட்டுப் பாருங்க. துண்டுதான் வேணும்னா மீன்தொட்டி கடையில பிளாஸ்டிக்ல கிடைக்கும் :-)