கொட்டியாரக் குடாவைக் காப்பது எவர் கடன்?

திருகோணமலையைப் பற்றிப் பேசுவோர் துறைமுகத்தின் ஆழத்தையே அளந்து பேசுகின்றனர். அதனைச் சூழ்ந்த நிலத்தின் உயிரை அளந்தவர் எத்தனை பேர்? கொழும்பும் பிறநாட்டுத் தலைநகரங்களும் நம் மாவட்டத்தை எண்ணெய்த் தாங்கிகளும் மின்னிலையங்களும் நிறுத்துதற்குரிய வெற்றுத் தரையாகவே காண்கின்றன. வெற்றுத் தரையா இது?

மகாவலி கங்கை கொட்டியாரக் குடாவிற் கலக்குமிடத்தை நோக்குக. மலைநாட்டு வண்டலும் கடலின் உவர்நீரும் கூடும் அவ்விடத்திற் கண்டலும் கண்ணாவும் தில்லையும் வேரூன்றி நிற்கின்றன. இறாலும் நண்டும் மீன்குஞ்சும் அவ்வேர்களுக்கிடையே வளர்கின்றன. கரைமணலை அடம்பனும் இராவணன்மீசையும் பிணித்து நிறுத்துகின்றன. உள்ளே பாலையும் வீரையும் முதிரையும் செறிந்த வறள்காடு. காடு தாங்கிய மழைநீர் குளத்தை அடைகிறது. குளம் வயலை வாழ்விக்கிறது. ஒன்றை வெட்டினால் மற்றொன்று தளரும்.

சம்பூரை நாம் மறந்துவிடவில்லை. 2006ஆம் ஆண்டிலே இலங்கை மின்சார சபையும் இந்தியாவின் தேசிய அனல்மின் கழகமும் 500 மெகாவாட் நிலக்கரி நிலையத்துக்கு உடன்பட்டன. அதே ஆண்டிலேதான் சம்பூர் மக்கள் போரினால் ஊரை இழந்தனர். நிலத்துக்குரியவன் அகதி முகாமிலே. அவன் நிலத்தின் திட்டம் அதிகாரிகளின் மேசையிலே! குடாநீரை இழுத்துச் சூடேற்றி மீண்டும் கடலில் விடும் நிலையத்தைப் பற்றி மீனவனை முதலிற் கேட்டவர் யார்? மக்கள் எதிர்த்தனர், வழக்கும் எழுந்தது. 2016 செப்டெம்பரில் அத்திட்டத்தைக் கைவிடுவதாக அரசு உயர் நீதிமன்றத்திற் கூறிற்று.

“முன்னேற்றத்துக்குப் பகைவரோ நீங்கள்?” என்பர் சிலர். அல்லோம். அதே சம்பூரிற் சூரிய மின்திட்டம் 2025 ஏப்ரலில் தொடக்கிவைக்கப்பட்டது. நிலக்கரியினும் அது மேலானது என்பதை மறுக்கோம். ஆயினும் எந்த மேய்ச்சல் நிலம் அடைபடும், எந்த நீரோட்டம் மறிபடும் என்று கேட்கும் உரிமையை எவருக்கும் விட்டுக்கொடோம். விறகு பொறுக்கும் ஏழையிடம் உரத்துப் பேசும் சட்டம், பெருந்திட்டத்தின் முன் ஏன் குரல் தாழ்த்த வேண்டும்?

ஆயுதம் நம் கையிலேயே உண்டு. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் 1988இல் திருத்தப்பட்டது. அதன்படி, குறித்துரைக்கப்பட்ட பெருந்திட்டங்களின் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை பொதுமக்கள் கருத்துக்காக 30 நாட்கள் திறந்து வைக்கப்படல் வேண்டும். அந்த 30 நாட்களை உறங்கிக் கழித்தால் பின்னர் ஒப்பாரி வைத்துப் பயனில்லை. சட்டத்தரணிகளும் ஆசிரியர்களும் அறிக்கையைப் படித்து விளக்குக. கமக்காரரும் மீனவரும், தமிழரும் முஸ்லிம்களும், தாம் அறிந்ததை எழுத்திற் கொடுத்துக் கையொப்பமிடுக.

அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு. நம் கரையின் கொடி அறிந்த பாடத்தை நாம் அறியாதிருக்கலாமா?