கட்டர்ல இலை அடைக்குதா? ஏணியை எடுக்கறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க



மழை சீசன் ஆரம்பிச்சா எங்க எமர்ஜென்சி வார்டுல ரெண்டு கூட்டம் கூடும். ஒண்ணு காய்ச்சல். இன்னொண்ணு "மேலேருந்து விழுந்துட்டார் டாக்டர்". இந்த ரெண்டு கூட்டத்துலயும் சில பேரோட கதையைக் கிளறினா கடைசியில ஒரே சாமான்ல போய் நிக்கும். ஷீட்டு வீடு, ஓட்டு வீடு, மாடியில போட்ட ஷெட்டு, இதோட கூரை ஓரத்துல மழைத்தண்ணியை வாங்கறதுக்காக தகரத்துலயோ பிவிசிலயோ மாட்டுவாங்களே, அந்தக் கட்டர்.

"டாக்டருக்கு எதுக்கு கட்டர் பத்தின பேச்சு?"ன்னு கேப்பீங்க. சொல்றேன்.

போன வருஷம் ஐப்பசி மாசம். அறுபத்தி மூணு வயசு, ரிட்டயர் ஆனவர். வீட்டுக்குப் பின்னாடி பெரிய வேப்ப மரம். கட்டர்ல இலை அடைச்சு தண்ணி சுவத்துல வழியுதுன்னு வருஷா வருஷம் ஏணி வெச்சு ஏறிட்டு இருந்தார். வெளியூர்ல வேலை பாக்கற பையன், அப்பா ஏறக்கூடாதுன்னுதான் ஆன்லைன்ல இலைத் தடுப்பு ஒண்ணு வாங்கி அனுப்பியிருக்கான். பாட்டில் கழுவற பிரஷ் மாதிரி நீளமா இருக்கும், கட்டருக்குள்ள படுக்க வைக்கணும். ஆறு மாசம் நல்லா இருந்துச்சாம். அப்புறம் வேப்பிலைக் காம்பு எல்லாம் அந்த பிரஷ் முடிக்குள்ள பின்னிக்கிச்சு. அதை உருவி எடுத்து உதறி மறுபடி வைக்கறதுக்காக அவர் ஏறினார். இலையைக் கையால அள்ளுறதுன்னா ஒரு கை போதும். பிரஷை உருவ ரெண்டு கை வேணும். பத்தடி உயரம். ஏணி சறுக்கி, நின்ன வாக்குல சிமெண்ட் தரையில இறங்கினார்.

ரெண்டு குதிகாலும் உடைஞ்சிருந்துச்சு. உயரத்துலேருந்து விழுந்து குதிகால் உடைஞ்சா முதுகெலும்பையும் பாருன்னு எங்களுக்கு படிக்கிறப்பவே சொல்லிக் கொடுத்திருக்காங்க. ஏன்னா அடி காலோட நிக்காது, மேலே ஏறி இடுப்புக்கு மேல இருக்கற எலும்பை நசுக்கும். அவருக்கு குதிகால் வலி பெருசா இருந்ததால முதுகு வலியைச் சொல்லவே இல்ல. எக்ஸ்ரே எடுத்தா அங்கயும் ஒரு எலும்பு நசுங்கி இருந்துச்சு. நரம்புக்கு ஒண்ணும் ஆகலை. அவரோட நல்ல நேரம்னுதான் சொல்லணும், ஏன்னா அக்கம்பக்கத்துல ரெண்டு பேர் கக்கத்துலயும் காலுலயும் பிடிச்சுத் தூக்கி ஆட்டோவுல உக்கார வெச்சுதான் கூட்டிட்டு வந்தாங்க.

மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பி வெச்சோம். மறுநாள் பையன் போன் பண்ணி அழுதுட்டே கேட்டான்: "நல்லதாப் பாத்துதான் சார் வாங்கினேன். வேற எதை வாங்கியிருக்கணும்?"

இந்தக் கேள்விக்கு அன்னைக்கு என்கிட்ட பதில் இல்ல. அதுக்கப்புறம் கொஞ்சம் யோசிச்சேன், படிச்சேன், என் வீட்டு ஷெட்டுலயே தப்பு தப்பா செஞ்சும் பாத்தேன். என் கருத்து இதுதான். கட்டருக்கு எந்தத் தடுப்பு வாங்கலாம்னு பாக்கறப்போ "இது இலையை நிறுத்துமா?"ன்னு மட்டும் பாக்காதீங்க. "இதை மாட்டினதுக்கு அப்புறம் வருஷத்துக்கு எத்தனை தடவை, எங்க வீட்டுல யாரு ஏணி ஏறணும்?"னு கேளுங்க. சுத்தமே பண்ண வேண்டாம்னு சொல்லி விக்கற எதையும் நம்பாதீங்க. அப்படி ஒரு தடுப்பு கிடையாது.

முதல்ல உங்க வீட்டு மேல எந்த மரம் நிக்குதுன்னு பாருங்க. மா, பலா, பாதாம் மாதிரி அகல இலைன்னா பெரிய கண் இருக்கற வலையே போதும், ஒரு விரல் நுழையற அளவு ஓட்டை இருந்தாலும் பரவாயில்ல. இலை மேலேயே தங்கும், காஞ்சதும் காத்துல பறந்துடும். வேம்புக்கு அதுல பாதி அளவு கண் வேணும். புளி, முருங்கை, மயில்கொன்றைன்னா நிலைமையே வேற. அந்தப் பொடி இலையை நிறுத்தற அளவுக்கு சின்னக் கண் வலை போட்டீங்கன்னா முதல் மழைக்கே இலையும் தூசியும் சேந்து வலை மேல அப்பளம் மாதிரி ஒட்டிக்கும். தண்ணி உள்ளயே போகாது, மேலேயே தாண்டி வாசல்ல கொட்டும். இந்த மரங்களுக்கு நான் வலையே வேண்டாம்னு சொல்வேன். இறங்கற பைப்பை நாலு இஞ்சா மாத்துங்க, கட்டர் சாய்வைச் சரி பண்ணுங்க. பொடி இலை தண்ணியோட அடிச்சுட்டுப் போயிடும். சவுக்கு மரம் இருந்தா என் அனுதாபங்கள். அந்த ஊசி வலைக் கண்ணுல செங்குத்தா குத்தி நிக்கும்.

கட்டருக்குள்ள திணிக்கற ஸ்பாஞ்சு ஒண்ணு விக்கறாங்க. நான் வாங்கினது அதைத்தான். எங்க வீட்டுல முருங்கை. ஒரே வருஷத்துல ஸ்பாஞ்சுல மண்ணு சேந்து, அதுல அரச மரக் கன்னு முளைச்சுது. என் மனைவி இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கறாங்க.

வெளிநாட்டு வீடியோவுல வர்ற மூடி டைப் ஒண்ணு இருக்கு. வளைஞ்ச தகடு கட்டரை மூடியிருக்கும், தண்ணி அந்த வளைவை ஒட்டியே உள்ள திரும்பிடும், இலை வெளியே விழுந்துடும். தூறலுக்கு அழகா வேலை செய்யும். நம்ம ஊர் மழை அப்படியா பெய்யுது? ஆயிரம் சதுர அடி கூரையில ஒரு மணி நேரத்துல 5 சென்டிமீட்டர் பெஞ்சா 4,600 லிட்டருக்கு மேல இறங்கும். வழவழன்னு இருக்கற ஷீட்டோட பள்ளத்துல அது வேகமா பாயும். வளைவை ஒட்டித் திரும்ப அதுக்கு நேரம் ஏது?

சாதா வலை வாங்கறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். கட்டர் மேல தட்டையா விரிக்காம, கூரையோட சாய்வுலயே வெளிப்பக்கம் இறங்கற மாதிரி மாட்டச் சொல்லுங்க. கம்பி வெச்சு இறுக்கிக் கட்டாம, ஒரு கையால கழட்டற மாதிரி கிளிப் போடச் சொல்லுங்க. மொட்டை மாடி மட்டும்தான் இருக்குன்னா, தண்ணி போற ஓட்டைக்கு தட்டை ஜாலி போடாதீங்க. அஞ்சாறு இலை படுத்தாலே அடைச்சுடும். கூம்பு மாதிரி எழும்பி நிக்கற ஜாலி போட்டா அடியில இலை சேந்தாலும் மேல்பக்கமா தண்ணி போகும். எலி வருதுன்னு துணியை அடைச்சு வெக்கற பழக்கம் இருந்தா இன்னைக்கே எடுத்துடுங்க. மாடியில ஒரு சாண் தண்ணி நின்னா சதுர அடிக்கு கிட்டத்தட்ட 20 கிலோ பாரம்.

இப்ப கொசு. டெங்குவைப் பரப்பற ஏடிஸ் கொசுவுக்கு சாக்கடை வேண்டாம், ஓரளவு தெளிஞ்ச தண்ணி கொஞ்சம் தேங்கினாப் போதும். ஒரு வாரம், பத்து நாள்ல முட்டையிலேருந்து கொசு. முட்டை தண்ணி வத்தினாலும் மாசக்கணக்குல காஞ்சு கிடந்து, அடுத்த மழைக்குப் பொரியும். இலை அணை கட்டின கட்டர் இதுக்கு ரொம்பத் தோதான இடம். ஆஸ்திரேலியாவுல கெய்ர்ன்ஸ் நகரத்துல கூரைக் கட்டர்தான் இந்தக் கொசுவுக்கு முக்கியமான இடங்கள்ல ஒண்ணுன்னு 2002-ல வந்த ஆய்வே சொல்லியிருக்கு. சிங்கப்பூர்ல புதுக் கட்டடங்களுக்கு கூரைக் கட்டரையே பொதுவா அனுமதிக்கறதில்ல.

இலையைத் தடுக்கற வலை கொசுவைத் தடுக்காது. அதோட, வலை போட்டதுக்கப்புறம் உள்ள தண்ணி நிக்கறது கண்ணுக்கும் தெரியாது. வீடு முழுக்க தேங்கா ஓடு, டயர், பூந்தொட்டித் தட்டு எல்லாத்தையும் கவுத்து வெச்ச குடும்பத்துல ரெண்டு பிள்ளைங்களுக்கு டெங்கு. சுகாதார ஆய்வாளர் போய்ப் பாத்தா, பளபளன்னு புது வலை போட்ட கட்டருக்கு அடியில புழு நெளியுது. அதனால எந்த வலை போடறதுக்கு முன்னாடியும் உயரமான முனையில ஒரு வாளி தண்ணி ஊத்திப் பாக்கச் சொல்லுங்க. பத்தடி நீளத்துக்கு அரை இஞ்சாவது சாய்வு இருக்கணும். தண்ணி முழுசா வடியலைன்னா வலைக்குக் கொடுக்கற காசை கொக்கிகளைச் சரி பண்றதுக்குக் கொடுங்க.

இன்னொரு விஷயம், இதை கடைக்காரர் சொல்ல மாட்டார். உங்களுக்கு கட்டரே தேவையான்னு யோசிச்சீங்களா? 2003-லேருந்து தமிழ்நாட்டுல மழைநீர் சேகரிப்பு கட்டாயம். அந்தத் தண்ணி தொட்டிக்கோ கிணத்துக்கோ போகுதுன்னா கட்டர் வேணும், தடுப்பும் வேணும், சீசனோட முதல் மழையை வெளியே விட்டுடணும். ஆனா நான் பாக்கற பாதி வீடுகள்ல பின்பக்கக் கட்டர் எங்கயும் போறதில்ல, சும்மா ஒரு மூலையில தண்ணியைக் கொட்டுது. அந்தப் பக்கம் கழட்டிட்டு, தண்ணி விழற கோட்டுல ஜல்லி பரப்பி, சுவத்துலேருந்து வெளியே ஓடற மாதிரி விட்டா போதும். இல்லாத கட்டர்ல இலை அடைக்காது.

ஏறாமலே செய்யக்கூடியது நிறைய இருக்கு. செல்ஃபி குச்சியில போனை மாட்டி வீடியோ எடுத்தா கட்டருக்குள்ள என்ன இருக்குன்னு கீழே நின்னே தெரியும். மின்கம்பி பக்கத்துல மட்டும் இந்த வேலை வேண்டாம். இறங்கற பைப்போட அடியில ஒரு டீ போட்டு மூடி வெச்சா அடைப்பை தரையிலயே எடுக்கலாம். கூரை மேல சாஞ்ச கிளையை புரட்டாசிக்குள்ள வெட்டி விடுங்க. பாதி இலை அதோட போச்சு.

ஏறித்தான் ஆகணும்னா வருஷத்துக்கு ஒரு தடவை, ஐப்பசி மழைக்கு முன்னாடி, காஞ்ச நாள்ல, இந்த வேலை தெரிஞ்ச ஆளைக் கூப்பிடுங்க. ஏணி நாலடி உயரத்துக்கு ஓரடி வெளியே தள்ளி நிக்கணும், கீழே ஒருத்தர் பிடிச்சுக்கணும். அலுமினிய ஏணி மின்கம்பி பக்கமே போகக்கூடாது. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் மேல கால் வெக்கவே வெக்காதீங்க, பாக்க கெட்டியா இருக்கும், மளுக்குன்னு உடையும். அறுபது தாண்டினவங்க, தலைசுத்தல் இருக்கறவங்க, பிரஷர் மாத்திரை சாப்பிடறவங்க ஏற வேண்டாம். இதய அடைப்புக்காக ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல் சாப்பிடறவங்க கண்டிப்பா கூடாது. அவங்களுக்கு தலையில லேசா அடிபட்டாலும் உள்ள ரத்தம் மெதுவா கசிஞ்சு, சில நாள் கழிச்சு பேச்சு குழறி வந்து நிப்பாங்க.

யாராவது விழுந்துட்டா உக்கார வெக்காதீங்க, தண்ணி கொடுக்காதீங்க, கை கால் பிடிச்சுத் தூக்காதீங்க. படுத்த வாக்குலயே அசையாம வெச்சு 108-க்கு போன் பண்ணுங்க. நடக்க முடியுதுன்னு சொன்னாலும் முதுகுக்கு ஒரு எக்ஸ்ரே அவசியம்.

அந்த வேப்ப மரத்து வீட்டுக்காரர் நாலு மாசம் கழிச்சு வாக்கர் வெச்சு நடந்து வந்து எங்களைப் பாத்தார். பின்பக்கமும் பக்கவாட்டுலயும் கட்டரைக் கழட்டிட்டாங்களாம். வாசலுக்கு மேல எட்டடி மட்டும் வெச்சு, சாய்வா கிளிப் வலை போட்டிருக்காங்க. சுத்தம் பண்ண ஐப்பசிக்கு முன்னாடி ஆள் வருவாராம்.

"அப்ப அந்த ஏணி என்னாச்சு?"ன்னு கேட்டேன்.

"பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார், கொடுத்துட்டேன் சார். அவங்க வீட்டுலயும் கட்டர் அடைக்குது."

"அவருக்கு என்ன வயசு?"

"என்னை விட ரெண்டு வயசு மூத்தவர்."