எத்தனை வருடத்துக்குத் தக்கை?

செப்டம்பர் பிறந்ததும் ரொறன்ரோவில் இத்தாலியரும் போர்த்துக்கேயரும் நெருங்கி வாழும் தெருக்களில் திராட்சைப் பெட்டிகள் வந்து இறங்கத் தொடங்கிவிடும். வீட்டுத் தேவைக்கு வைன் செய்ய இந்த நாட்டில் சட்டம் இடம் கொடுக்கிறது. எனக்குத் தெரிந்த தமிழர் சிலரும் இப்போது கராஜிலும் நிலவறையிலும் பெரிய கண்ணாடிக் குடுவைகளை வைத்து வைன் செய்கிறார்கள். கூடினால் திராட்சை இனம், ஈஸ்ட், சீனியின் அளவு என்று மணிக்கணக்காகக் கதைப்போம். தக்கை என்று வந்தால் மட்டும், கடையில் எது மலிவோ அந்தப் பொதியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். மாதக்கணக்கான உழைப்பைக் காவல் காக்கப்போவது அந்தச் சின்னத் துண்டுதான். அதைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத வேண்டும் என்று தோன்றியது.

கடைக்குப் போகுமுன் ஒரு கேள்விக்குப் பதில் தெரிய வேண்டும். இந்த வைனை எப்போது குடித்து முடிக்கப் போகிறீர்கள்? அடுத்த நத்தாருக்குள் தீர்ந்துவிடும் என்றால், தக்கைத் துகள்களை ஒட்டி அமுக்கிச் செய்த மலிவான வகையே காணும். ஆனால் அது ஒரு வருடம், மிஞ்சினால் ஒன்றரை வருடத்துக்கான பொருள். இரண்டு மூன்று வருடம் வைக்க விருப்பமென்றால், நடுவில் துகளும் இரு முனைகளிலும் முழுத் தக்கை வட்டுகளும் உள்ள வகையை வாங்குங்கள். ஐந்து வருடத்துக்கு மேல் கிடக்கவேண்டிய சிவப்பு வைனுக்கு ஒரே துண்டாக வெட்டிய இயற்கைத் தக்கைதான், அதுவும் 45 மில்லிமீற்றர் நீளத்தில். பிளாஸ்டிக் தக்கையை நான் வெறுப்பதில்லை. சீக்கிரம் குடிக்கும் வெள்ளை வைனுக்கு அது போதும். கையால் அழுத்தும் சின்னக் கருவியில் அதை இறக்குவதுதான் பெரும்பாடு.

ஒரே துண்டுத் தக்கைக்கு ஏன் அவ்வளவு விலை என்று கேட்பவர்களுக்குப் போர்த்துக்கலின் அலென்தேஜோ பகுதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். உலகத்துத் தக்கையில் ஏறத்தாழப் பாதி அந்த நாட்டிலிருந்துதான் வருகிறது. தக்கை ஓக் மரத்துக்கு 25 வயதாகும்வரை அதன் பட்டையில் யாரும் கைவைப்பதில்லை. முதலில் உரிக்கும் பட்டை கரடுமுரடானது, போத்தலுக்கு உதவாது. பிறகு ஒன்பது வருடம் காத்திருக்க வேண்டும். சட்டமே அப்படித்தான் சொல்கிறது. இரண்டாவது உரிப்பும் போத்தலுக்கு ஆகாது. மூன்றாவதில்தான், மரம் 43 வயதைத் தொடும்போது, நல்ல தக்கைக்கான பட்டை கிடைக்கிறது. கோடையில் கோடரியுடன் இறங்குபவர்கள் உள்தோலில் காயம் படாமல் பட்டையைப் பெயர்த்தெடுப்பார்கள். அதன்பின் அந்த வருடத்தின் கடைசி இலக்கத்தை மரத்தில் பெயின்ரால் எழுதிவிடுவார்கள். 4 என்று எழுதியிருந்தால் 2024இல் உரித்தது, அடுத்தது 2033இல்தான். மரத்தை நட்டவர் அதன் தக்கையைத் தன் போத்தலில் காண்பது அரிது.

அந்தப் பட்டையின் அமைப்பை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆச்சரியம் குறைவதில்லை. 1665இல் இராபர்ட் ஹூக் தன் நுண்ணோக்கியில் ஒரு தக்கைச் சீவலைப் பார்த்துத்தான் உயிரணுவுக்கு ஆங்கிலத்தில் இன்று வழங்கும் பெயரையே வைத்தார். அவர் கண்ட அந்தச் சின்னச் சின்ன அறைகளில் இருப்பது பெரும்பாலும் காற்று. இறப்பர் அடைப்பானை மேலிருந்து அழுத்தினால் அது பக்கவாட்டில் வீங்கிக் கழுத்தில் இறுகிக்கொள்ளும். தக்கை அப்படி வீங்குவதில்லை, அதனால்தான் நேராக உள்ளே இறங்குகிறது. இறங்கிய பிறகு விரிந்து கண்ணாடியைப் பிடித்துக்கொள்கிறது. பட்டையில் மரம் மூச்சுவிடும் துளைகள் உள்ளிருந்து வெளியே ஓடுகின்றன. தக்கையை மரத்தின் உயரத்துக்கு இணையாகக் குடைந்தெடுப்பதால் அந்தத் துளைகள் அதன் குறுக்கே அமைந்துவிடுகின்றன, நீளவாக்கில் வைன் கசிய வழியில்லை.

அளவுக்கு வருவோம். வழக்கமான வைன் போத்தலின் கழுத்து உள்ளே 18, 19 மில்லிமீற்றர் இருக்கும். அதற்குச் சரியானது 9ஆம் இலக்கத் தக்கை, விட்டம் 24 மில்லிமீற்றர். கடையில் 8ஆம் இலக்கத்தைக் காட்டி இது இறக்க லேசு என்பார்கள். லேசுதான், பிடிப்பும் அதே அளவுக்குக் குறைவு. நிலத்தில் நிற்கும் கருவி ஒன்றை வாங்கவோ இரவல் கேட்கவோ முடிந்தால் 9ஆம் இலக்கம் பெரிய வேலையே இல்லை. திருகுமூடிப் போத்தலில் தக்கை அடிக்க வேண்டாம். அதன் கழுத்து அந்த அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டதல்ல, கையில் வெடிக்கலாம்.

பழைய ஆட்கள் தக்கையை அவித்துவிட்டு அடிப்பார்கள். அவர்களிடம் நான் கற்றது நிறைய, ஆனால் இதில் மட்டும் உடன்பட முடியாது. பட்டையைத் தொழிற்சாலையிலேயே அவித்துவிட்டார்கள். இன்னொரு முறை அவித்தால் மேற்பூச்சுப் போய்விடும், அணுக்களும் நொய்ந்துவிடும், பிறகு திறக்கும்போது தூளாகக் கொட்டும். மூடிய பொதியிலிருந்து எடுத்ததை அப்படியே அடிக்கலாம். பொதி திறந்து நாளாகிவிட்டதென்றால், ஒரு லீற்றர் தண்ணீரில் 10 கிராம் பொட்டாசியம் மெட்டாபைசல்பைற்றைக் கரைத்துச் சின்னக் கிண்ணமொன்றில் ஊற்றி, மூடியுள்ள வாளிக்குள் நிறுத்திச் சுற்றிவரத் தக்கைகளைப் பரப்பி மூடிவிடுங்கள். சில மணி நேரத்தில் அந்த ஆவியே வேலையைச் செய்துவிடும்.

இன்னொன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். வைன் வைத்திருக்கும் இடத்தில் புளீச் பாவிக்காதீர்கள். குளோரீன் சேர்ந்த பொருளும் பூஞ்சணமும் சந்திக்கும் இடத்தில்தான் டீசிஏ எனப்படும் சேர்மம் பிறக்கிறது. ஈரக் கடதாசிப் பெட்டியின் வாடையை வைனுக்கு ஏற்றுவது அதுதான். ஒரு ட்ரில்லியனில் சில பங்கு இருந்தாலே மூக்கு பிடித்துவிடும். வீட்டில் அதை முழுதாகப் போக்க நம்பகமான கைமருந்து இல்லை.

அடிக்கும் நாளில் முதலில் ஹைட்ரோமீற்றரைப் பாருங்கள். 0.995க்கு அருகில் வந்து நாட்கணக்காக அசையாமல் நின்றால்தான் நொதித்தல் முடிந்தது. முடியாத வைன் தக்கையைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். தக்கையின் அடிக்கும் வைனுக்கும் இடையே ஒன்றரை முதல் இரண்டு சென்ரிமீற்றர் இடைவெளி இருக்கட்டும். அடித்ததும் போத்தலைச் சரிக்க வேண்டாம். உள்ளே அமுங்கிய காற்று வெளியேற மூன்று நாள் நிமிர்ந்து நிற்கவேண்டும். பிறகு படுக்கவைத்தால் தக்கை காயாது. 13 பாகை செல்சியஸ் அளவில் குளிர்ச்சியான, வெப்பம் ஏறியிறங்காத மூலை நல்லது. நிலவறையில் வெப்பமூட்டும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் அடுக்கிவிடாதீர்கள்.

ஆறு மாதம் கழித்து ஒரு போத்தலைத் திறக்கும்போது தக்கையை எறியாமல் பாருங்கள். அடியில் மட்டும் சிவந்திருந்தால் மிச்சப் போத்தல்களை நம்பலாம். பக்கத்தில் ஒரு கோடாக மேல்வரை சாயம் ஏறியிருந்தால், கருவியின் தாடை கிள்ளிய மடிப்பு வழியாக வைன் ஏறியிருக்கிறது. தாடைகளைத் துடைத்து, விளிம்பில் பிசிறு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு அடுத்த வருடம் அடியுங்கள். இந்த வருடத்துப் போத்தல்களை இனி வைத்திருக்க வேண்டாம். நண்பர்களைக் கூப்பிட்டு இந்தக் குளிர்காலத்திலேயே முடித்துவிடுங்கள்.