ரெண்டு ஆடு!

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் வழியில் எங்கள் கிராமம். வானம் பார்த்த பூமி. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், கோயில் திண்ணையில் சின்னப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுப்பது என் வேலை.

அந்த வாண்டுகள் அடிக்கும் கூத்து கொஞ்சநஞ்சமில்லை, சகோதரிகளே! "பரிசுத்த ஆவி என்றால் என்ன?" என்று கேட்டேன். "இட்லிச் சட்டியைத் திறந்தா வருமே, அதுதான் டீச்சர். எங்கம்மா சட்டியை நல்லாக் கழுவித்தான் வைப்பாக" என்றாள் ஒருத்தி. பாவசங்கீர்த்தனம் என்றதும், "எனக்குப் பாட்டே வராதே" என்று அழுதான் இன்னொருவன்.

போன கோடையில் ஒரு பையன், 'மன்றாட்டு' என்று வரும் இடத்திலெல்லாம் கண்ணை இறுக மூடிக்கொண்டு 'ரெண்டாட்டு' என்றான். "எந்த ரெண்டு ஆடுடா?" என்றேன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை.

வீட்டுக்கே போனேன். "கண்மாய் காஞ்சு போச்சுக்கா. மேய்ச்சலுக்குப் புல்லு இல்ல. இருக்கிற ரெண்டு ஆட்டையும் சந்தைக்கு ஓட்டிருவோம்னு அவுக சொன்னாக. அன்னையிலிருந்து ராத்திரியும் அதையேதான் சொல்லி ஜெபிக்கிறான்" என்றாள் அவன் அம்மா. எனக்குச் சுருக்கென்றது.

திரும்பி வரும்போது, சவேரியார் சரித்திரத்தில் படித்தது ஞாபகம் வந்தது. அவர் 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது தமிழ் தெரியாது. தமிழ் தெரிந்தவர்களைக் கொண்டு ஜெபங்களைத் தமிழில் எழுதி வாங்கி, தெருவில் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி மனப்பாடம் செய்ய வைத்தார். விசுவாசப் பிரமாணத்தில் 'விசுவாசம்' வரவேண்டிய இடத்தில் 'வேணும்' என்று இருந்துவிட்டது! அதை அறிந்ததும், 1544-ல் தம்முடன் உழைத்த மான்சிலாசுக்குக் கடிதம் எழுதித் திருத்தச் சொன்னார். அத்தனை பெரியவருக்கே வார்த்தை இடறியிருக்கிறது. ஏழு வயசுப் பிள்ளைக்கு இடறாதா?

மறுநாளே அந்தப் பையனைத் தனியாகக் கூப்பிட்டு, "மன்றாட்டுன்னா கெஞ்சிக் கேக்கிறது. நீ ஆட்டுக்காகக் கேட்டியே, அதுவும் மன்றாட்டுதான்" என்றேன். அவன் முகம் தெளிந்தது. அடுத்த வாரம் வகுப்புக்கு வந்துவிட்டான்.

இப்போதெல்லாம் பிள்ளைகள் தப்பாகச் சொன்னால் உடனே திருத்துவதில்லை. "நீ என்ன நினைச்சுச் சொன்னே?" என்று முதலில் கேட்கிறேன். பெரிய வார்த்தையென்றால் வீட்டில் புழங்கும் பேச்சில் அர்த்தம் சொல்லிவிட்டு, அப்புறம்தான் மனப்பாடம். திருத்துவதையும் நாலு பேர் நடுவில் செய்வதில்லை.

ஒரு ஆட்டை விற்றுவிட்டார்கள். இன்னொன்று இருக்கிறது. பையன் இப்போது 'மன்றாட்டு' என்று சுத்தமாகச் சொல்கிறான். கண்ணை மட்டும் அதே மாதிரி இறுக மூடிக்கொள்கிறான்.

உங்கள் வீட்டுச் செல்லம் ஏதாவது உளறினால், சிரிப்பதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்!